கழிமுகம் கற்பித்த பாடம்

ஆறு கடலோடு கலக்குமிடத்தைக் கழிமுகம் என்கிறோம். ஓதம் ஏறும்போது கடல் ஆற்றுக்குள் வருகிறது. ஓதம் வற்றும்போது ஆறு கடலுக்குள் போகிறது. இந்த இழுபறியில் வண்டல் படிகிறது. வண்டலில் புல் முளைக்கிறது. புல்லைப் பற்றிப் பூச்சிகள் வாழ்கின்றன. சேற்றில் புழுவும் நண்டும் பெருகுகின்றன. அவற்றைத் தேடிப் பறவைகள் வருகின்றன. ஓருயிரை மற்றோருயிரிடமிருந்து பிரித்துப் பார்க்கவே இயலாத இடம் கழிமுகம்.

அமெரிக்க நாட்டின் வடகிழக்கு மூலையில், மெயின் மாநிலத்தில், ஷீப்ஸ்காட் என்னும் ஆறு அட்லாண்டிக் கடலில் கலக்கிறது. அதன் முகத்தில் சவுத்போர்ட் என்றொரு சிறு தீவு உண்டு. 1963-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஒருநாள் காலை, அத்தீவின் தென்கோடியில் நியூவேகன் என்னுமிடத்தில், நடுவயதைக் கடந்த பெண்மணிகள் இருவர் ஒரு மரப்பலகையில் அமர்ந்திருந்தனர். கீழே பாறைகளில் அலை மோதிக்கொண்டிருந்தது. கடற்காகங்கள் இரை தேடிக்கொண்டிருந்தன. ஆனால் அவ்விருவரின் கண்களும் காற்றில் மிதந்து சென்ற பட்டாம்பூச்சிகள் மீதே இருந்தன.

இருவருள் ஒருவர் ரேச்சல் கார்சன். உலகம் முழுதும் அப்போது அவர் பெயரைப் பேசிக்கொண்டிருந்தது. தம் வாழ்நாள் முடியும் தறுவாயில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அன்று காலை அவர் கண்டது என்ன, அதிலிருந்து அவர் கொண்டது என்ன என்பதை அறிய வேண்டுமாயின், அவர் கடந்துவந்த வழியை முதலில் பார்க்க வேண்டும்.

ஆற்றங்கரைச் சிறுமி

ரேச்சல் கார்சன் 1907-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்தில் அலிகெனி ஆற்றின் அருகே உள்ள ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ராபர்ட் கார்சன், தாய் மரியா. மூன்று குழந்தைகளில் ரேச்சலே கடைக்குட்டி. வீட்டைச் சுற்றித் தோட்டமும் காடும் இருந்தன; ஆனால் கையில் பணம் இருந்ததில்லை. தாய் பியானோ கற்றுக்கொடுத்துச் சிறிது ஈட்டி வந்தார்.

அத்தாயே ரேச்சலின் முதல் ஆசிரியை. மகளைக் கைப்பிடித்துத் தோப்புக்குள் அழைத்துச் சென்று பறவையின் குரலையும் பூச்சியின் நடையையும் காட்டுவார். வீட்டுக்குள் வந்துவிட்ட பூச்சியைக்கூட அடித்துக் கொல்லாமல் எடுத்துச் சென்று வெளியே விடுவது அவர் வழக்கம் என்பர். இளமையில் கண்டது எளிதில் மறையாது. 1918-இல், பதினொரு வயதில், சிறுவர் இதழ் ஒன்றில் ரேச்சலின் முதற்கதை அச்சாயிற்று. எழுத்தாளராவதே அவர் கனவாக இருந்தது.

பிட்ஸ்பர்க் நகரிலிருந்த பென்சில்வேனியா மகளிர் கல்லூரியில் அவர் சேர்ந்தது ஆங்கில இலக்கியம் பயிலத்தான். அங்கே மேரி ஸ்கிங்கர் என்னும் உயிரியல் ஆசிரியை இருந்தார். அவர் பாடம் நடத்திய முறை ரேச்சலை முற்றிலும் மாற்றிவிட்டது. இலக்கியத்தை விட்டு விலங்கியலுக்கு மாறினார். அறிவியல் படித்த பெண்ணுக்கு வேலை கிடைப்பது அரிதாயிருந்த காலம் அது. எழுத்துத் துறையையே விட்டு விலகிவிட்டதாக அவரும் எண்ணினார். எழுதுவதற்குரிய பொருளையே அன்று அவர் தேடிக்கொண்டார் என்பது பின்னரே விளங்கிற்று.

கடலைக் கண்டார்

1929-இல் பட்டம் பெற்றார். அவ்வாண்டுக் கோடையில் மசாசூசெட்ஸ் மாநிலத்து உட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வுக்கூடத்திற்குச் சென்றார். கடலைப் பற்றி எத்தனையோ படித்திருந்தவர், கடலை நேரில் கண்டது அப்போதுதான். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

பின்னர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்று 1932-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். மேலும் ஆய்ந்து டாக்டர் பட்டம் பெற விரும்பினார். வீட்டு நிலைமை இடங்கொடுக்கவில்லை. நாடெங்கும் பொருளாதார மந்தம் வாட்டிய காலம். 1935-இல் தந்தை காலமானார். 1937-இல் தமக்கை இரண்டு பெண்மக்களை விட்டுவிட்டு இறந்தார். தாயையும் அச்சிறுமியரையும் காக்கும் பொறுப்பு முப்பது வயது ரேச்சலின் தோளில் ஏறிற்று.

நடுவண் அரசின் மீன்வளத்துறை மீன்களைப் பற்றி வானொலியில் தொடர் நிகழ்ச்சி நடத்த விரும்பியது. ஏழு நிமிட நிகழ்ச்சிகள் ஐம்பத்திரண்டு. எழுதத் தெரிந்தவர்க்கு மீன் தெரியவில்லை. மீன் தெரிந்தவர்க்கு எழுத வரவில்லை. ரேச்சலுக்கு இரண்டும் தெரியும். தற்காலிகமாகக் கிடைத்த அவ்வேலை 1936-இல் இளநிலை நீர்வாழ் உயிரியலார் என்னும் நிரந்தரப் பதவியாயிற்று. பகலில் அலுவலகம், இரவில் எழுத்து. இப்படியே பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன.

துறை வெளியீடு ஒன்றுக்காக ஒருமுறை அவர் முன்னுரை எழுதிக் கொடுத்தார். அதைப் படித்த மேலதிகாரி, இது அரசு வெளியீட்டுக்கு ஏற்றதன்று. சிறந்த இலக்கிய இதழ் ஒன்றுக்கு அனுப்பத் தக்கது என்று கருதினார். 1937-இல் அக்கட்டுரை ‘அட்லாண்டிக்’ மாத இதழில் வெளிவந்தது. அதுவே அவருடைய முதல் நூலுக்கு வித்தாயிற்று.

உள்ளானின் கதை

அந்நூலுக்காக 1938-இல் அவர் வடகரோலினா மாநிலத்துக் கடற்கரையில் பியூபோர்ட் என்னுமிடத்தில் தங்கினார். அங்கே மணல்திட்டுகளும் உவர்ச் சதுப்புகளும் கழிகளும் பின்னிக் கிடக்கின்றன. காலையிலும் மாலையிலும் கரையில் நடந்தார். இரவில் கைவிளக்கோடு நடந்தார். கண்டவற்றைக் குறிப்பேட்டில் எழுதினார்.

அந்திப்பொழுதில் கறுப்பு ஸ்கிம்மர் என்னும் பறவை நீர்ப்பரப்பை ஒட்டித் தாழப் பறக்கும். அதன் கீழலகு மேலலகைவிட நீளமானது. கத்தியால் துணியைக் கிழிப்பதுபோல அக்கீழலகால் நீரைக் கீறிக்கொண்டே போகும். சிறுமீன் அலகில் பட்டதும் அலகை மூடிக்கொள்ளும். சாண்டர்லிங் என்னும் சிறு உள்ளானோ அலை பின்வாங்கும்போது அதன் பின்னே ஓடும். ஈரமணலில் ஒளிந்துள்ள சிற்றுயிர்களைக் குத்தி எடுக்கும். அடுத்த அலை வந்ததும் கால் நனையாமல் திரும்பி ஓடிவரும். நாள் முழுதும் இதே ஓட்டந்தான். வேனிற்காலம் வந்ததும் இச்சிறு பறவை ஆர்க்டிக் பனிவெளிவரை பறந்துபோய்க் குஞ்சு பொரிக்கிறது. கோடை முடியுமுன்பே தென்திசை நோக்கித் திரும்புகிறது. இதே இன உள்ளான்கள் பனிக்காலத்தில் நம் கோடியக்கரைப் பக்கமும் வந்து சேர்கின்றன.

‘கடற்காற்றின் கீழே’ என்னும் பொருள்படும் அந்நூல் 1941 நவம்பரில் வெளிவந்தது. ஒரு சில வாரங்களில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டு நாடு போரில் இறங்கியது. உள்ளானின் கதையைப் படிக்க யாருக்குப் பொழுது இருக்கும்? இரண்டாயிரம் பிரதிகள்கூட விற்கவில்லை. ரேச்சல் சோர்ந்தார், ஆனால் அலுவலகத்துக்குப் போவதையோ கடற்கரைக்குப் போவதையோ நிறுத்தவில்லை. போருக்குப் பின் பறவைப் புகலிடங்களைப் பற்றித் துறை வெளியிட்ட சிறுநூல் வரிசைக்குப் பொறுப்பேற்றார். வர்ஜீனியா கடற்கரையின் சின்கோட்டீக் சதுப்புகளைப் பற்றிய சிறுநூல் 1947-இல் வந்தது. வலசைப் பறவைகளுக்குச் சதுப்பு நிலமே வழிநடைச் சத்திரம். அச்சத்திரத்தை இடித்துவிட்டால் பறவை எங்கே தங்கும் என்பதைப் பொதுமக்களுக்கு விளங்கும் நடையில் எழுதினார்.

1951 ஜூலையில் ‘நம்மைச் சூழ்ந்த கடல்’ என்னும் அவருடைய இரண்டாம் நூல் வெளிவந்தது. எண்பத்தாறு வாரங்கள் அது விற்பனையில் முன்னணி நூல்களுள் ஒன்றாக நின்றது. 1952-இல் தேசிய நூல் பரிசும் பெற்றது. விற்காமற் கிடந்த முதல் நூலும் மறுபதிப்புக் கண்டு விற்றது. அவ்வாண்டே அரசுப் பணியைத் துறந்து முழுநேர எழுத்தாளரானார்.

ஷீப்ஸ்காட் கரையில் ஒரு வீடு

கைக்கு வந்த பணத்தில் அவர் கட்டிக்கொண்டது மாளிகையன்று. சவுத்போர்ட் தீவில் ஷீப்ஸ்காட் ஆற்றுமுகத்தை நோக்கிய பாறைக்கரையில் ஒரு சிறு மனை. 1953 முதல் ஒவ்வொரு கோடையும் அங்கேதான். பக்கத்தில் கோடை வீடு வைத்திருந்த டாரதி ஃப்ரீமன் அவருடைய உயிர்த்தோழியானார். ஓதம் வற்றியதும் பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் கையை விட்டுச் சிற்றுயிர்களை எடுப்பார். வீட்டிலுள்ள நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார். பார்த்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார். அந்த உழைப்பின் பயனாக 1955-இல் ‘கடலின் விளிம்பு’ வெளிவந்தது.

தமக்கை மகளின் மகன் ரோஜர் சிறு குழந்தை. அவனை இரவில் தூக்கிச் சென்று அலையோசையைக் கேட்கச் செய்வார். கோடையிறுதி இரவுகளில் புதருக்குள் ஒலிக்கும் பூச்சிகளின் இசையைக் கேட்டு, கைவிளக்கோடு இருவருமாக அவற்றைத் தேடிப் போவார்கள். பெயர் தெரிவது பிறகு. முதலில் வியப்பு வரவேண்டும் என்பது அவர் கொள்கை. 1956-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மறு ஆண்டே அக்குழந்தையின் தாய் இறந்தாள். ஐந்து வயது ரோஜரை ஐம்பது வயது ரேச்சல் தம் மகனாக ஏற்றார்.

டக்ஸ்பரியிலிருந்து வந்த செய்தி

டி.டி.டி. என்னும் வேதிப்பொருள் பூச்சிகளைக் கொல்லும் என்பதை 1939-இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பால் மியூலர் கண்டறிந்தார். போர்க்காலத்தில் பேன் பரப்பும் காய்ச்சலையும் மலேரியாவையும் அடக்க அது பெரிதும் உதவியது. அதன் பொருட்டு 1948-இல் மியூலருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பல்லாயிரம் உயிர்களைக் காத்த மருந்து அது. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் போர் முடிந்தபின் அது வயலிலும் தோட்டத்திலும் காட்டிலும் சதுப்பிலும் கணக்கின்றி விமானத்திலிருந்து பொழியப்பட்டது. தீங்கு நேரக்கூடும் என்று 1945-லேயே ரேச்சல் ஐயுற்றார். அதைப்பற்றிக் கட்டுரை எழுத முன்வந்தபோது ஓர் இதழ் வேண்டாம் என்று மறுத்துவிட்டது.

1958 ஜனவரியில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஓல்கா ஹக்கின்ஸ் என்னும் பத்திரிகையாளர். மசாசூசெட்ஸ் கடற்கரையில் டக்ஸ்பரி என்னுமிடத்தில் அவருக்கும் அவர் கணவருக்கும் இரண்டு ஏக்கரில் பறவைப் புகலிடம் ஒன்று இருந்தது. முந்தின கோடையில், கடலோரச் சதுப்புகளின் கொசுக்களை ஒழிக்கவென்று விமானம் ஒன்று டி.டி.டி. கலந்த எண்ணெயைத் தூவிச் சென்றது. மறுநாள் காலை வாசலருகே பாடும் பறவைகள் செத்துக் கிடந்தன. அடுத்த நாள் பறவைகள் குளிப்பதற்கென வைத்திருந்த தொட்டியைச் சுற்றி மேலும் சில. அதற்கடுத்த நாள் ஒரு ராபின் கிளையிலிருந்து பொத்தென்று விழுந்தது. அலகுகள் பிளந்திருந்தன; கால்விரல்கள் வலியில் மடங்கியிருந்தன. அந்தக் கோடை முழுதும் தேனீக்களும் வெட்டுக்கிளிகளும் தோட்டத்தில் காணப்படவில்லை. ஆனால் எவற்றைக் கொல்ல மருந்து தெளித்தார்களோ அந்தக் கொசுக்கள் மட்டும் முன்னைப் போலவே கடித்துக்கொண்டிருந்தன!

நாளிதழுக்கு எழுதிய இம்முறையீட்டின் படியை ஹக்கின்ஸ் ரேச்சலுக்கு அனுப்பியிருந்தார். தலைநகரில் யாரை அணுகினால் இதைத் தடுக்கலாம் என்பதே அவர் வினா. ரேச்சல் விசாரிக்கத் தொடங்கினார். விசாரிக்க விசாரிக்கக் கவலை வளர்ந்தது. முதலில் வேறொருவரை எழுதச் சொன்னார். பிறகு, இதை எழுதாமல் விட்டால் தம் மனத்துக்கு அமைதி இராது என்று உணர்ந்து தாமே எழுத அமர்ந்தார்.

சங்கிலியின் கண்ணிகள்

நான்கு ஆண்டுகள் ஆதாரங்களைத் திரட்டினார். ஆய்வறிக்கைகளைப் படித்தார், அறிவியலாருக்கு நூற்றுக்கணக்கில் கடிதங்கள் எழுதினார். எல்லாவற்றிலும் ஒரே உண்மை திரும்பத் திரும்பத் தலைகாட்டியது. பூச்சியைக் குறிவைத்த நஞ்சு பூச்சியோடு நிற்பதில்லை.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் எல்ம் மரங்களின் நோயைத் தடுக்க, அந்நோயைப் பரப்பும் வண்டுகளின் மீது டி.டி.டி. தெளித்தார்கள். இலைகள் உதிர்ந்தன. உதிர்ந்த இலையை மண்புழு தின்றது. இளவேனிலில் வந்த ராபின் அம்மண்புழுவைத் தின்றது. பதினொரு பெரிய மண்புழுக்கள் போதும், ஒரு ராபினைக் கொல்ல.

கலிபோர்னியாவில் ‘கிளியர்’ என்னும் ஏரியில் தொல்லை தந்த கொசுகு ஒன்றை ஒழிக்க டி.டி.டி.யின் உறவுப் பொருள் ஒன்றை மிகச் சிறிய அளவில் கலந்தார்கள். நீரில் அது இருந்த அளவு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் அவ்வேரியில் செத்த முக்குளிப்பான் பறவைகளின் கொழுப்பில் பத்து இலட்சத்தில் 1600 பங்கு நஞ்சு இருந்தது. ஆயிரம் இணைகளுக்கு மேல் கூடுகட்டிய அவ்வேரியில் முப்பது இணைகளே எஞ்சின.

புளோரிடா மாநிலத்தில் 1955-இல் நடந்தது கழிமுகத்தை அறிந்தவர் நெஞ்சை மேலும் வருத்துவது. மணல் ஈக்களின் புழுக்களை அழிக்க 2000 ஏக்கர் உவர்ச் சதுப்பில் டீல்ட்ரின் என்னும் நஞ்சைத் தெளித்தார்கள். பிறகு எண்ணிப் பார்த்தபோது செத்த மீன்கள் ஏறத்தாழ 11,75,000. முப்பது இனங்களுக்குக் குறையாதவை. சேற்றில் வளைதோண்டி வாழும் நண்டுகளும் அழிந்தன. சதுப்பைத் துப்புரவு செய்து பறவைக்கு இரையாகும் உயிர்களே அவை.

இவ்வாறு நஞ்சு ஏறிச் செல்வதற்குக் காரணம் எளியது. டி.டி.டி. நீரில் கரைவது மிகமிகக் குறைவு, கொழுப்பில் நன்கு கரையும், விரைவில் சிதையாது. சிற்றுயிரின் உடலில் சேர்ந்தது எளிதில் வெளியேறுவதில்லை. நூறு சிற்றுயிர்களைத் தின்ற மீனில் நூறு மடங்கின் சுமை சேர்கிறது. அம்மீன்களைத் தின்னும் பறவையில் அதற்கும் மேல். உணவுச் சங்கிலியின் உச்சியில் இருப்பவனுக்கே பெருஞ்சுமை. அவ்வுச்சியில் மனிதனும் இருக்கிறான்.

எதிர்ப்பும் நோயும்

1960-இல் ரேச்சலுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டது. அறுவை நடந்தது; கதிர் மருத்துவம் நடந்தது; நோய் பரவிக்கொண்டே இருந்தது. அவர் அதை வெளியே சொல்லவில்லை. தெரிந்தால், நோய்வாய்ப்பட்டவர் கசப்பில் எழுதியது என்று நூலைத் தள்ளிவிடுவார்கள் என்பது அவர் அச்சம். வலியோடு எழுதினார், ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தார். ‘மௌன வசந்தம்’ என்னும் அந்நூல் 1962 செப்டம்பர் 27 அன்று வெளிவந்தது. ஆதாரங்களின் பட்டியல் மட்டும் ஐம்பத்தைந்து பக்கங்கள்.

புயல் கிளம்பிற்று. பூச்சிக்கொல்லி செய்வோர் பெரும்பொருள் செலவிட்டு நூலை மறுத்தனர். டாக்டர் பட்டம் இல்லாதவர் என்றனர், உணர்ச்சிவசப்பட்டவர் என்றனர், மணமாகாதவர் என்பதைக்கூடக் குறையாகப் பேசினர். உண்மையில் அவர் எல்லாப் பூச்சி மருந்துகளையும் ஒழிக்கச் சொல்லவில்லை. விளைவறியாமல், கேட்பாரின்றிக் கொட்டாதீர்கள் என்றுதான் சொன்னார். கண்டபடி தெளித்தால் கொசுக்களே மருந்துக்குப் பழகி எதிர்ப்பாற்றல் பெற்றுவிடும். பிறகு நோய் தடுக்க வேண்டிய வேளையில் மருந்து பயன்படாது என்றும் எச்சரித்தார்.

1963 ஏப்ரல் 3 அன்று தொலைக்காட்சியில் தோன்றி அமைதியாக விளக்கமளித்தார். மே 15 அன்று குடியரசுத் தலைவர் கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. அது பெரும்பாலும் ரேச்சலின் கருத்துகளுக்கு அரண் செய்தது. ஜூன் 4 அன்று செனட் துணைக்குழுவின் முன் சாட்சியம் அளித்தார். அந்த அம்மையாரின் எலும்புகள்வரை நோய் பரவியிருந்ததை அந்த அவையில் யாரும் அறியார்.

அந்தக் காலை

சாட்சியம் முடிந்ததும் அவர் மெயின் கடற்கரைக்குத் திரும்பினார். அதுவே அவருடைய கடைசிக் கோடை. பாறைக் குழிகளுக்கு இறங்கிச் செல்லும் வலு உடலில் இல்லை. அமர்ந்து பார்க்க மட்டுமே இயலும். அப்படித்தான் அச்செப்டம்பர் காலையில் டாரதியோடு நியூவேகன் முனையில் வந்தமர்ந்தார்.

வானம் தெளிந்திருந்தது. ஸ்புரூஸ் மரங்களின் ஊடே காற்று ஒலித்தது. கடற்காகங்கள் அவசரமின்றித் திரிந்தன. அவற்றுக்கிடையே மோனார்க் என்னும் பட்டாம்பூச்சிகள் போய்க்கொண்டிருந்தன. செம்மஞ்சள் நிறச் சிறகு, அதில் கருநரம்பு. கூட்டமாகப் போகவில்லை. ஒன்று போகும், சிறிது இடைவெளி விட்டு மற்றொன்று வரும். கண்ணுக்குத் தெரியாத நூல் ஒன்று எல்லாவற்றையும் ஒரே திசையில் இழுப்பதுபோல, மெல்ல மெல்ல மிதந்து தெற்கு நோக்கிச் சென்றன.

அவை எங்கே போய்ச் சேர்கின்றன என்பது அன்று அறிவியலுக்குத் தெரியாது. நடு மெக்சிகோவின் மலைக்காடுகளில் கோடிக்கணக்கில் அவை மரங்களை மூடிக்கொண்டு பனிக்காலத்தைக் கழிக்கின்றன என்பது 1975-இல்தான் வெளிப்பட்டது. ஆனால் ஒன்று ரேச்சலுக்கு நன்றாகத் தெரியும். போகிற இப்பட்டாம்பூச்சிகளில் ஒன்றேனும் இக்கரைக்குத் திரும்பி வராது. அடுத்த ஆண்டு வருபவை இவற்றின் வழிவந்தவையே. இவற்றுக்கு இதுவே இறுதிப் பயணம்.

தோழியர் இருவரும் அதைப் பேசிக்கொண்டனர். ஆயினும் அக்காட்சி அவர்களுக்குத் துயரம் தரவில்லை. அன்றைய காலையை நினைந்து ரேச்சல் தோழிக்கு ஒரு கடிதம் எழுதினார். ஓருயிர் தன் சுற்றை இயல்பாக முடித்துக்கொள்ளும்போது அதில் வருந்த ஒன்றுமில்லை. பட்டாம்பூச்சிக்கு அது சில மாதம். மனிதர்க்கு அளவு வேறு, நெறி ஒன்றே என்பது அக்கடிதத்தின் கருத்து. தம்மைப் பற்றித்தான் எழுதினார் என்பது டாரதிக்குத் தெரியாமலா இருக்கும்?

இங்கேதான் ரேச்சல் கார்சனின் வாழ்க்கை முழுவதும் ஒருங்கே விளங்குகிறது. டக்ஸ்பரித் தோட்டத்தில் அலகு பிளந்து கிடந்த பறவையும் செத்தது. நியூவேகன் முனையைத் தாண்டிப் போன பட்டாம்பூச்சியும் சாகத்தான் போயிற்று. முன்னதைக் கண்டு அவர் பொங்கி எழுந்தார். பின்னதைக் கண்டு அமைதி பெற்றார். சாவு என்னும் ஒன்றை அவர் எதிர்க்கவில்லை. உள்ளான் சிற்றுயிரைத் தின்பதும், ஸ்கிம்மர் மீனைக் கவ்வுவதும் அவர் எழுதிய நூல்களில் நிறைய உண்டு. அச்சாவுகளில் சங்கிலி தொடர்கிறது. நஞ்சு தரும் சாவில் சங்கிலி அறுகிறது. இவ்விரண்டையும் பிரித்தறியும் கண் அவருக்கு எங்கிருந்து வந்தது? முப்பதாண்டுக் காலம் கழியோரங்களில் பொறுமையாகப் பார்த்துப் பழகியதால் வந்தது. என்னென்ன உயிர்கள் இருந்தன என்று அறிந்தவருக்குத்தானே எது காணாமற் போயிற்று என்று சொல்ல முடியும்?

மறைவுக்குப் பின்

1964 ஏப்ரல் 14 அன்று, தம் ஐம்பத்தாறாம் வயதில் ரேச்சல் கார்சன் மறைந்தார். அவருடைய சாம்பலில் ஒரு பகுதியை டாரதி நியூவேகன் பாறைகளினின்று கடலில் தூவினார். பட்டாம்பூச்சிகளைப் பார்த்த அதே கரை அது.

அவர் சொன்னதைக் கழிமுகமே பிறகு மெய்ப்பித்தது. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டுக் கடற்கரையில் கொசு ஒழிப்புக்காக ஏறத்தாழ இருபதாண்டுகள் டி.டி.டி. தெளித்திருந்த ஒரு கழிமுகச் சதுப்பை அறிவியலார் ஆராய்ந்து 1967-இல் முடிவை வெளியிட்டனர். நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களில் பத்து இலட்சத்தில் 0.04 பங்கு இருந்த நஞ்சு, அச்சங்கிலியின் மேலே இருந்த ஒரு கடற்காகத்தில் 75 பங்காக ஏறியிருந்தது. விரால் அடிப்பானும் வெண்தலைக் கழுகும் இட்ட முட்டைகளின் ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே நொறுங்கியதற்கும் இந்நஞ்சே காரணம் என்று தெளிந்தது. 1972-இல் அமெரிக்க அரசு டி.டி.டி.யைப் பயிர்களுக்குத் தெளிப்பதைத் தடை செய்தது. பறவைகள் மெல்ல மீண்டன. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து வெண்தலைக் கழுகு 2007-இல் நீக்கப்பட்டது.

மெயின் கடற்கரையின் உவர்ச் சதுப்புகளையும் கழிமுகங்களையும் காக்கும் வனவுயிர்ப் புகலிடம் ஒன்றுக்கு 1969-இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. அவர் உள்ளான்களைப் பார்த்து நின்ற பியூபோர்ட்டின் எதிரேயுள்ள தீவுகளும் சதுப்புகளும் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றன. 1980-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் விடுதலைப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. அதைப் பெற அவர் இல்லை.

மாணவ நண்பர்களே! நாம் நுண்ணோக்கியில் பார்க்கிறோம், படம் வரைகிறோம், தேர்வெழுதுகிறோம். அவை வேண்டியவையே. ஆனால் ரேச்சல் கார்சனை உருவாக்கியது தேர்வன்று. ஒருநாள் முழுதும் ஒரு கழிமுகத்தின் கரையில், ஓதம் ஏறி வற்றும்வரை, எந்தப் பறவை எதைத் தின்கிறது, எந்தப் பூச்சி எந்தப் புல்லில் அமர்கிறது என்று வாளா இருந்து பார்க்கும் பழக்கந்தான் அவரை உருவாக்கிற்று. அப்படிப் பார்த்த நாள்கள் அவர் வாழ்வில் பல. அப்படி ஒரே ஒரு நாளேனும் நம் வாழ்வில் உண்டா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.